மூலக்கூற்றுச் சிற்பி வூட்வேட்

வலம்புரிச் சங்கின் அருமையை நம் நாட்டவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் கடலிலும் சங்கு குளிப்போர் பல்லாயிரம் சங்குகளை வாரியெடுப்பினும், அவற்றுள் வலம்புரி ஒன்று அகப்படுதல் அரிது. வலம்புரியும் இடம்புரியும் ஒரே பொருளால் ஆனவை, நிறத்தால் ஒத்தவை, அளவாலும் நிறையாலும் ஒத்தனவாதலும் கூடும். ஆயினும் ஒன்றை எவ்வாறு புரட்டித் திருப்பி வைத்தாலும் அது மற்றொன்றோடு பொருந்துவதில்லை. உருவும் கண்ணாடியில் அதன் நிழலும் எவ்வாறோ, நம் இடக்கையும் வலக்கையும் எவ்வாறோ, அவ்வாறே இவையும் ஒன்றற்கொன்று எதிராய் அமைந்தவை.

கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகளுள்ளும் இத்தகைய வலம்புரியும் இடம்புரியும் உண்டு. சங்கைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு அருமை பற்றியது. மருந்தைப் பொறுத்தவரையோ அது பயன் பற்றியது. ஒரு வடிவம் நோயைத் தணிக்க, அதன் எதிர்வடிவம் பயனற்றுப் போதலும், ஒரோவழிக் கேடு விளைத்தலும் உண்டு. இயற்கை தனக்கு வேண்டிய வடிவத்தைப் பிழையின்றி ஆக்குகின்றது. ஆய்வுகூடத்திலே மனிதனும் அவ்வாறு செய்ய இயலுமா? இயலும் என்றும், தற்செயலாலன்றித் திட்டமிட்டே இயலும் என்றும் செய்து காட்டியோருள் முதல்வராக வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்கப் பேராசிரியர் றொபேட் பேண்ஸ் வூட்வேட் ஆவார். அவரது வரலாற்றையே இங்கு சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

மேல்நாட்டு இரசாயன அறிஞர் ஒருவரின் வரலாறு நமக்கு எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். அவர் தம் ஆய்வுகூடத்தில் தொகுத்த பொருள்களைப் பார்க்குமிடத்து அவ்வினாவுக்கு விடை தானே கிடைக்கும். நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொடிய நஞ்சு அவற்றுள் ஒன்று. வடமொழி மருத்துவ நூல்கள் சர்ப்பகந்தா என்றும் சிங்கள வைத்தியர் ஏகவேரிய என்றும் வழங்கும் மூலிகையின் சத்து மற்றொன்று. அவர் முதன்முதற் புகழ் பெற்றதோ மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவினால். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாவினால் ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர். அக்காலத்தை நினைவுகூரும் நாட்டவர்க்குக் கொயினாவின் கதை அயலார் கதையாகாது.

வூட்வேட் செய்த செயலின் பெருமையை உணர்தற்கு, அவருக்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1848 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து லூயி பாஸ்ரர் தார்த்தாரிக்கமில உப்பொன்றின் பளிங்குகளை உருப்பெருக்கி கொண்டு நோக்கி, அவை ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல் போன்ற இரு வகையின என்று கண்டு, அவற்றைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். 1874 இல் வான்ற் ஹொவ், லெ பெல் என்னும் இருவர், ஒருவரை ஒருவர் சாராது, இதன் காரணத்தை விளக்கினர். காபனணுவின் நான்கு புயங்களும் ஒரே தளத்திற் கிடவாது நாற்புறமும் விரிந்து நிற்பன. அந்நான்கிலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணையும்போது இடம்புரி, வலம்புரி என்னும் இரு அமைப்புகள் தோன்றுகின்றன. அத்தகைய காபனணுவைச் சமச்சீரற்ற காபனணு என்பர்.

ஒரு மூலக்கூற்றில் இத்தகைய அணு ஒன்றிருப்பின் வடிவங்கள் இரண்டு, இரண்டிருப்பின் நான்கு, மூன்றிருப்பின் எட்டு. கொலெஸ்தரோலில் எட்டு உள்ளன. ஆகவே கணக்கின்படி 256 வடிவங்கள் அமையலாம். நம் உடல் ஆக்குவது அவற்றுள் ஒன்றே. அணுக்கள் பல வளையங்களாகப் பின்னிக் கிடக்கும் மூலக்கூறுகளிலோ தொல்லை இன்னும் பெரிது. ஒரு புயம் வளையத்தின் மேற்புறத்தில் நிற்க வேண்டுமா, கீழ்ப்புறத்தில் நிற்க வேண்டுமா என்பதை ஒவ்வோரிடத்திலும் தீர்மானித்தல் வேண்டும். ஓரிடத்திற் பிழைப்பினும் வந்தது வேறொரு பொருளாகிவிடும். இதனாலேயே முற்காலத்து அறிஞர் பலர், கலவையாக வந்ததைப் பெற்று, அதிலிருந்து வேண்டியதைத் தேடிப் பிரிப்பதோடு அமைந்தனர். கூடை நிறையச் சங்கை அள்ளி வலம்புரியைத் தேடுவார் நிலையே அவர்கள் நிலையும்.

வூட்வேட் 1917 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 10 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகரிற் பிறந்தார். தாயார் ஸ்கொத்லாந்து தேசத்தவர். உலகெங்கும் பரவிய 1918 ஆம் ஆண்டுச் சளிக்காய்ச்சலிலே தந்தையார் இறந்தார்; அப்பொழுது மைந்தனுக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தாயின் பராமரிப்பிலே குவின்சி என்னும் ஊரில் வளர்ந்த சிறுவன், பாடசாலைப் பாடங்களிலும் பார்க்க வீட்டில் வைத்திருந்த இரசாயனப் பொருள்களிலேயே மனம் பதித்தான். கற்றமன் என்னும் செர்மானிய ஆசிரியரின் செய்முறை நூலைப் பெற்று, பல்கலைக்கழக மாணவர் செய்யும் பரிசோதனைகளை இளமையிலேயே செய்து பழகினான்.

1928 இல், பதினொரு வயதளவில், பொஸ்ரன் நகரிலிருந்த செர்மானியத் தூதுவர் வாயிலாகச் செர்மானிய இரசாயன ஏடுகள் சிலவற்றை அச்சிறுவன் பெற்றான். அவற்றுள்ளே டீல்ஸ், ஆல்டர் என்னும் இருவர் அவ்வாண்டில் வெளியிட்ட கட்டுரையும் இருந்தது. நான்கு காபனணுக்கள் கொண்ட துண்டொன்றும் இரண்டு காபனணுக்கள் கொண்ட துண்டொன்றும் ஒரே செயலில் இணைந்து ஆறணு வளையமாகும் முறையை அக்கட்டுரை கூறியது. அவ்வாறு இணையும்போது துண்டுகளிற் கூட்டங்கள் இருந்த முறை குலைவதில்லை. எது எப்பக்கத்தில் நின்றதோ அது புதிய வளையத்திலும் அம்முறையே நிற்கும். வளையம் ஆக்குதலும் வடிவம் காத்தலும் ஒருங்கே நிகழ்கின்றன. அச்சிறுவன் அன்று கண்ட அச்செயலே பின்னாளில் அவர் கையில் முதன்மையான கருவியாயிற்று.

1933 இல், பதினாறாவது வயதிலே, மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அவர் சேர்ந்தார். தாம் விரும்பிய இரசாயனத்திலேயே மூழ்கிக் கிடந்து, ஏனைய கடமைகளை அறவே புறக்கணித்தமையால், 1934 ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் அங்கிருந்து நீக்கப்பட்டார். தந்தையற்ற வறிய இளைஞர் ஒருவர்க்கு அத்துடன் கல்வி முடிந்துபோதலும் கூடும். ஆயினும் அவரது ஆற்றலை உணர்ந்த ஆசிரியர்களின் ஆதரவால் 1935 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். 1936 இல் விஞ்ஞானமாணிப் பட்டமும், 1937 இல், இருபதாவது வயதிலே, கலாநிதிப் பட்டமும் பெற்றார். புறக்கணித்தவர் தவறியதும் உண்மை. நீக்கிய நிறுவகமே பெருமனத்தோடு அவரை மீள ஏற்றதும் உண்மை. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் நினைந்து மற்றொன்றை மறத்தல் தகாது. அவ்வாண்டிலேயே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை அடைந்த வூட்வேட், தம் இறுதிநாள் வரை அதனை விட்டு நீங்கவில்லை.

இரண்டாம் உலகப் போரிலே, 1942 இல், யப்பானியர் சாவகத் தீவைக் கைப்பற்றினர். உலகிற்கு வேண்டிய சிங்கோனாப் பட்டையிற் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. பட்டை நின்றது, கொயினா அரிதாயிற்று, வெப்ப நாடுகளிற் போர் செய்த படைகள் மலேரியாவுக்கு ஆளாயின. கொயினாவை ஆய்வுகூடத்தில் ஆக்கும் விருப்பம் பழையதொன்றே. 1856 இல் ஆங்கிலேய இளைஞர் பேர்க்கின் அதற்கென முயன்று, கொயினாவுக்குப் பதிலாக ஊதாச் சாயம் ஒன்றைப் பெற்ற கதையை இரசாயன மாணவர் அறிவர். 1943 இல் வூட்வேட்டும் அவர் நண்பர் வில்லியம் டோரிங்கும் இம்முயற்சியிற் புகுந்தனர். முப்பது வயது நிரம்பாத அவ்விருவரும் 1944 ஏப்பிரில் மாதத்தில் வெற்றி கண்டனர். பத்திரிகைகள் அவர்களைப் புகழ்ந்தன.

ஆயினும் உண்மையை உள்ளவாறு கூறுதல் வேண்டும். அம்முறையாற் போர்க்களத்துக்குக் கொயினா ஒரு சிறிதும் சென்றிலது. அது அத்துணை நீண்டது. மேலும் அவர்கள் அடைந்தது கொயினோற்றொக்சின் என்னும் பொருளையே. அதனைக் கொயினாவாக மாற்றலாம் என்று செர்மானிய அறிஞர் றாபேயும் கிண்ட்லரும் 1918 இல் வெளியிட்டிருந்தனர். அதனை நம்பி எஞ்சிய வழியைத் தாம் நடவாது விட்டனர். இதுபற்றிப் பிற்காலத்தில் ஐயம் எழுந்தது. 2001 இல் கில்பேட் ஸ்ரோக் என்னும் அறிஞர், கொயினாவின் சமச்சீரற்ற அணுக்கள் யாவற்றையும் நெறிப்படுத்தித் தாம் செய்த தொகுப்பை வெளியிட்டபோது, பழைய கூற்றை வன்மையாக வினாவினார். 2008 இல் வேறு இரு அறிஞர், பழைய காலத்துக் கருவிகளையும் முறைகளையுமே கொண்டு றாபேயின் செயலை மீளச் செய்து, அது நிகழவல்லதே எனக் காட்டினர். வூட்வேட்டின் பெயர் காக்கப்பட்டது. எனினும் அக்கொயினாத் தொகுப்பிலே வளையத்தின் இரு புயங்களும் ஒரே புறத்தில் அமைந்த பொருளோடு, எதிர்ப்புறங்களில் அமைந்ததும் கலந்தே வந்தது. வேண்டியதைப் பிரித்தெடுக்க நேர்ந்தது. அன்றைய வூட்வேட்டும் கூடையிலிருந்து சங்கு தேடியவரே.

அடுத்த பத்தாண்டுகள் அந்நிலையை மாற்றின. 1951 இல் கொலெஸ்தரோல் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வளையப் பொருள்களை அவர் தொகுத்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் சேர் றொபேட் றொபின்சன் குழுவினரும் அத்துறையில் வெற்றி கண்டனர். வூட்வேட்டின் தொகுப்பு டீல்ஸ்-ஆல்டர் செயலோடு தொடங்கியது. அச்செயல் இரு வளையங்களைப் பொருத்தும்போது, பொருத்தில் உள்ள இரு புயங்களையும் ஒரே புறத்தில் நிறுத்திவிடும், வேண்டியதோ எதிர்ப்புறம். வூட்வேட் அதனை வலிந்து மாற்ற முற்படவில்லை. சிறிது காரம் சேர்த்தபோது, மூலக்கூறு தானே தனக்கு இசைவான எதிர்ப்புற அமைப்புக்கு மாறிக்கொண்டது. பின்னர் 1954 இல், எட்டிக்காயின் நஞ்சாகிய ஸ்திரிக்னீனைத் தொகுத்தார். ஏழு வளையங்களும் ஆறு சமச்சீரற்ற காபனணுக்களும் ஒரு சிறு மூலக்கூற்றினுள் நெருங்கிக் கிடக்கும் அப்பொருளைத் தொகுக்க இயலும் என அதற்கு முன் நம்பினோர் சிலரே.

இனி, அவர் திறமையின் சிகரமென நாம் கருதும் செயலுக்கு வருவோம். சர்ப்பகந்தாவின் வேரை நம் நாட்டிலும் பாரத நாட்டிலும் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் மருந்தாக நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள மருத்துவர், அது சித்தப்பிரமைக்கும் மிகுந்த இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுமென எழுதினர். அவ்வாண்டிலேயே தில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலீன் முதலிய சத்துக்களைப் பிரித்தார். 1949 இல் பம்பாய் மருத்துவர் றுஸ்தம் ஜால் வக்கீல் அதன் பயனைப் பிரித்தானிய ஏடொன்றில் எழுதவே, மேல்நாடுகள் விழித்துக்கொண்டன. 1952 இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் அதன் முதன்மைச் சத்தாகிய றெசேப்பீன் பிரிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1956 இல், வூட்வேட் அதனைத் தொகுத்து முடித்தார்.

றெசேப்பீனில் ஆறு சமச்சீரற்ற காபனணுக்கள் உள்ளன. எனவே 64 வடிவங்கள் அமையலாம். அவ்வாறனுள் ஐந்து ஒரே வளையத்தில் உள்ளன. வூட்வேட் அவ்வளையத்தையே முதலில் ஆக்கினார். இளமையிற் படித்த டீல்ஸ்-ஆல்டர் செயலால் எளிய இரு பொருள்களை இணைத்தார். மூன்று சமச்சீரற்ற அணுக்கள் ஒரே செயலில், ஒன்றற்கொன்று வேண்டிய முறையில் அமைந்தன. அவ்வாறு பிறந்த இரட்டை வளையம் ஒரு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. புதிதாக வந்து சேரும் கூட்டங்கள் குழிந்த உட்புறத்தால் நுழையமாட்டா. குவிந்த வெளிப்புறத்தாலேயே வந்து சேரும். ஆகவே எஞ்சிய புயங்கள் எப்புறத்தில் நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஐந்தும் அமைந்தபின், துணையாக நின்ற மற்ற வளையத்தை உடைத்துத் திறந்தார். கோபுரம் எழுந்தபின் சாரத்தைப் பிரிப்பது போன்றது அது. பிரித்த சாரத்தின் முனைகளையும் அவர் வீணாக்காது, மறு பாதி மூலக்கூற்றை இணைக்கும் கைகளாகப் பயன்படுத்தினார்.

ஐந்து வளையங்களும் அமைந்தன. ஆறாவது சமச்சீரற்ற அணுவும் தோன்றியது. ஆனால் அது எதிர்ப்புறமாக அமைந்தது! நெடுந்தூரம் நடந்து வாயிற்படியில் இடறியது போன்ற நிலை. வந்த வடிவமே மூலக்கூற்றுக்கு வசதியானது. வேண்டிய வடிவமோ அதற்கு வசதியற்றது. வசதியாக இருக்கும் ஒன்றை வசதியற்ற நிலைக்கு மாற்றுவது எங்ஙனம்?

இங்கே 1950 இல் ஆங்கிலேய அறிஞர் டெரெக் பாட்டன் வெளியிட்ட கருத்து வூட்வேட்டுக்குக் கைகொடுத்தது. ஆறணு வளையம் தட்டையானதன்று; சாய்வுக் கதிரை போல மடிந்து நிற்பது. அதன் புயங்களுட் சில மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்பன; ஏனையவை பக்கவாட்டில் விரிவன. பருத்த கூட்டங்கள் செங்குத்தான இடங்களில் நெருக்குண்ணும். பக்கவாட்டிலே தாராளமாக இருக்கும். வளையம் ஒரு கதிரை வடிவிலிருந்து மற்றொன்றுக்குப் புரளவும் வல்லது. அவ்வாறு புரளும்போது விரிந்தவை நிமிரும்; நிமிர்ந்தவை விரியும்.

வூட்வேட் இதனைக் கருவியாகக் கொண்டார். முதல் வளையத்தின் ஒரே புறத்தில், ஒன்று விட்டு ஒன்றாக, ஓர் அமிலக் கூட்டமும் ஓர் ஐதரொட்சிற் கூட்டமும் இருந்தன. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு சிறு வளையமாக்கினார். இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும்வரை ஒன்றையொன்று தொடமாட்டா. பிணைய வேண்டின் இரண்டும் நிமிர்ந்தே ஆகவேண்டும். ஆகவே கதிரை புரண்டது. புரண்ட நிலையிலே பூட்டப்பட்டது. அதனால் முன்பு தாராளமாக இருந்த பருத்த பகுதி இப்பொழுது நெருக்குண்டது. முன்பு வசதியாக இருந்த வடிவமே இப்பொழுது மூலக்கூற்றுக்குத் தாங்கற்கரியதாயிற்று. அந்நிலையில் மென்மையான ஓர் அமிலத்தோடு அதனைக் கொதிக்கும் சைலீனில் வைத்தபோது, ஆறாவது அணு நெருக்கத்தினின்றும் தப்பும்பொருட்டுத் தானே மறுபுறம் திரும்பியது. பின்பு பூட்டைத் திறந்தார். வேண்டிய வடிவம் கைக்கு வந்தது.

நாம் கூற விரும்பும் செய்தி இதுவே. நீர் தாழ்ந்த இடத்தையே நாடும். நல்ல உழவன் நீரைக் கையாற் பிடித்துத் தள்ளுவதில்லை. அது தன் இயல்பின்படி ஓடித் தன் பயிரை அடையுமாறு வாய்க்காலை வெட்டுகின்றான். வூட்வேட் செய்ததும் அதுவே. மூலக்கூற்றின் இயல்பை எதிர்த்து வெல்லாமல், அவ்வியல்பே தம் கருத்தை நிறைவேற்றுமாறு வளையத்தை அமைத்தார். இறுதியில் ஒரு குறை எஞ்சியது. முழு மூலக்கூறும் இடம்புரி, வலம்புரி என இரண்டும் சம அளவிற் கலந்தே வந்தது. கற்பூரத்திலிருந்து பெறும் அமிலமொன்றின் துணைகொண்டு இரண்டையும் பிரித்தே இயற்கைச் சத்தைப் பெற்றார். 64 வடிவங்களை இரண்டாகக் குறைத்தவர் அந்த இரண்டை ஒன்றாக்க அன்று வழி காணவில்லை. அவ்வழியைக் கண்டவர் பின்வந்தோர். அத்துறைக்கென 2001 இலும் 2021 இலும் நோபல் பரிசுகள் வழங்கப்பட்டன.

வூட்வேட்டின் தனி வாழ்க்கையும் வியப்பளிப்பது. நீல நிறத்தில் அவருக்கிருந்த பற்று பெரிது. கழுத்துப்பட்டி எப்பொழுதும் நீலமே. அவரது மோட்டார் வண்டி நிற்கும் இடத்துக்கு மாணவர் நீல வர்ணம் பூசி மகிழ்ந்தனர். வியாழக்கிழமை இரவுகளில் அவர் நடத்திய கருத்தரங்குகள் நள்ளிரவு வரை நீளும். குறிப்பொன்றும் பாராது, பல நிறச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு கரும்பலகையிலே மூலக்கூறுகளை வரைந்து மூன்று நான்கு மணிநேரம் விரிவுரையாற்றுவார். வரைந்த கோடு ஒவ்வொன்றும் அச்சிட்டாற்போல இருக்குமாம். இரவிற் சில மணிநேரமே உறங்கினார், தேகப் பயிற்சி செய்திலர், இடைவிடாது புகைத்தார். அறிவுக்கு அளித்த கவனத்தில் ஒரு பங்கையேனும் உடலுக்கு அளித்திலர் என்பதை நாம் வருத்தத்தோடு குறிப்பிடுகின்றோம்.

1960 இல் இலைப்பச்சையையும், பின்னர் கொல்சிசீன் முதலியவற்றையும் தொகுத்த அவருக்கு, 1965 ஆம் ஆண்டில், சேதனத் தொகுப்பாகிய கலையிற் செய்த அரும்பணிக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற விரிவுரையிலே பழைய வெற்றிகளைப் பேசி அமையாது, செபலொஸ்பொரின் என்னும் மருந்தின் புதிய தொகுப்பை அவர் விளக்கினார்.

அக்காலத்தே அவர் மேற்கொண்டிருந்த பெருமுயற்சி பன்னிரண்டாம் பி உயிர்ச்சத்தின் தொகுப்பாகும். சூரிச் நகரத்து ஆல்பேட் எஷன்மோசரின் குழுவும் அவர் குழுவும் கைகோத்து உழைத்தன. பல நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய நூறு இளைஞர் பங்குகொண்ட அப்பணி 1972 இல் முடிவுற்றது. அதன் நடுவே ஒருநாள், சங்கிலி ஒன்று வளையமாக மூடும்போது, எதிர்பார்த்த வடிவுக்கு மாறான வடிவம் தோன்றியது. வேறொருவர் அதனைத் தோல்வியென ஒதுக்கியிருப்பார். வூட்வேட் காரணம் வினாவினார். றோவால்ட் ஹொவ்மன் என்னும் இளம் அறிஞரோடு சேர்ந்து விடை கண்டார்.

சங்கிலியின் இரு முனைகளும் இணைந்து வளையமாகும்போது, இரண்டும் ஒரே திசையிற் சுழலலாம்; அல்லது எதிரெதிர்த் திசைகளிற் சுழலலாம். அதற்கேற்ப முனைகளில் உள்ள கூட்டங்கள் வளையத்தின் ஒரே புறத்திலோ எதிர்ப்புறங்களிலோ நிற்கும். எவ்வாறு சுழலும் என்பதை இலத்திரன்களின் அமைப்பே தீர்மானிக்கின்றது. செயலிற் பங்குபெறும் இலத்திரன்கள் நான்காயின் வெப்பத்தால் ஒரே திசையிலும் ஒளியால் எதிரெதிர்த் திசைகளிலும் சுழலும். ஆறாயின் இம்முறை தலைகீழாகும். 1965 இல் வெளிவந்த இவ்விதிகள் டீல்ஸ்-ஆல்டர் செயலையும் தம்முள் அடக்கி விளக்கின. பதினொரு வயதுச் சிறுவன் வியந்து படித்த செயலுக்கு ஐம்பதை நெருங்கும் வயதிலே அவனே காரணம் கூறினான் என்பது எத்துணை இனிய முடிவு! இவ்விதிகளின் வித்துத் தம்முடையதென்று ஈ. ஜே. கோரி என்னும் அறிஞர் 2004 இல் உரிமை பாராட்டினார். ஹொவ்மன் அதனை மறுத்தார். மூன்றாமவராகிய வூட்வேட் விடையிறுக்க அப்பொழுது உயிரோடிருந்திலர். ஹொவ்மனுக்கும் யப்பானிய அறிஞர் ஃபுக்குயிக்கும் 1981 இல் நோபல் பரிசு கிடைத்தது. வூட்வேட் இருந்திருப்பின் இரண்டாம் முறையும் பரிசு பெற்றிருப்பார் என்று அறிஞர் பலர் கருதுவர்.

எரித்திரோமைசின் என்னும் மருந்தின் கதையோடு இவ்வரலாற்றை முடிப்போம். பதினான்கு அணுக்களாலான பெருவளையம் ஒன்றும், அதிற் பூண்ட இரு சர்க்கரைகளும் கொண்டது அம்மூலக்கூறு. அதன் சமச்சீரற்ற காபனணுக்கள் பதினெட்டு. ஆகவே கணக்கின்படி வடிவங்கள் 262,144. றெசேப்பீனை வென்ற அதே 1956 ஆம் ஆண்டிலே, இத்தனை சமச்சீரற்ற அணுக்களைக் கொண்ட இப்பொருளை அன்றைய நிலையில் தொகுக்க நம்பிக்கையே இல்லையென வூட்வேட் எழுதினார். பின்னாளில் தம் கூற்றைத் தாமே பொய்யாக்கத் துணிந்தார். நீண்ட சங்கிலியின் இரு முனைகளும் எளிதில் ஒன்றையொன்று சந்தித்து மூடவில்லை. சங்கிலியின் இடையிலுள்ள ஐதரொட்சிற் கூட்டங்களைச் சிறு சிறு வளையங்களாற் பிணைத்து, சங்கிலி வேண்டியவாறு வளைந்து நிற்குமாறு செய்தபோதே பெருவளையம் செவ்வனே மூடியது. அன்று றெசேப்பீனிற் பூட்டிய பூட்டே இங்கும் திறவுகோலாயிற்று.

அப்பணி நிறைவேறுமுன், 1979 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆந் திகதி, உறக்கத்திலே இதயம் நின்று வூட்வேட் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 62. அவர் விட்ட பணியை உடனுழைத்தோர் தொடர்ந்து முடித்தனர். 1981 இல் வெளியான அக்கட்டுரைகள் அவர் பெயரோடு ஏறக்குறைய ஐம்பது பேரின் பெயர்களைத் தாங்கி வந்தன. ஆசிரியன் மறைந்த பின்னும் மாணவர் வாயிலாக அவன் பணி நடைபெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்மலரைப் படிக்கும் இளைஞர் பலர் இன்று ஆய்வுகூட மேசைகளில் நின்று பரிசோதனைக் குழாயைக் கையிற் பிடித்துள்ளீர்கள். எதிர்பாராத நிறமோ எதிர்பாராத பளிங்கோ தோன்றும்போது அதனைக் கொட்டிவிட்டு, நூலிற் கண்ட விடையை எழுதிவிட எண்ணுதல் இயல்பு. வூட்வேட்டுக்கோ எதிர்மாறாக அமைந்த அணுவொன்று ஒரு பூட்டைக் கண்டுபிடிக்கக் காரணமாயிற்று. எதிர்மாறாக மூடிய வளையமொன்று ஒரு விதியைக் காணக் காரணமாயிற்று. பொருள்கள் தம் இயல்பின்படியே நடப்பன. அவ்வியல்பைப் பொறுமையோடு கற்று, அதற்கேற்ற வாய்க்காலை வெட்டுவதே அறிவின் வேலை. அவ்வாறு கற்போர் நம்மிடையேயும் பலராகத் தோன்றுக என வாழ்த்தி அமைகின்றோம்.